அம்மாவின் பட்டை வெட்டலாமா? மூன்று விழாக்களுக்கு உடை கேட்ட பெண்ணுக்கு ஒரு பதில்

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கினால் இப்படி வருகிறது. சென்னையில் தண்டையார்பேட்டையில் வீடு, கிண்டியில் வேலை. நவராத்திரியில் சௌகார்பேட்டைத் தோழி கூட்டிப்போகும் தாண்டியா இரவு ஒன்று, குஜராத்திகள் கோல் தட்டி ஆடுவது. தீபாவளிக்கு முந்தைய வாரம் அலுவலகத்தில் எல்லோரும் பாரம்பரிய உடையில் வரும் கொண்டாட்டம் ஒன்று. டிசம்பரில் ராயபுரத்தில் ஒரு கிறிஸ்துமஸ் விருந்து. மூன்றுக்கும் சேர்த்துக் கையில் 10,000 ரூபாய். உயரம் 5 அடி 1 அங்குலம், பூசினாற்போல உடம்பு, மாநிறம். புடவை கட்டினால் இடுப்பில் நிற்பதில்லை. பீரோவில் அம்மாவின் கல்யாணக் காஞ்சிப் பட்டு இருக்கிறது. அதை வெட்டி லெஹங்கா தைக்கலாமா, இல்லை தி.நகர் போய்ப் புதிதாக எடுக்கலாமா என்று கேட்கிறீர்கள். 'எது அழகாக இருக்கும்' என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் வரிக்கு வரி தெரிகிற கவலை வேறு. நாலு மணி நேரம் அந்த உடையில் இயல்பாக இருக்க முடியுமா, அடுத்த வருடமும் அதை எடுத்துப் போட முடியுமா என்பதுதான் அது. நான் அதற்குத்தான் பதில் சொல்லப்போகிறேன்.

பழைய வண்ணாரப்பேட்டையில் பெண்களுக்கான தையல்கடை நடத்துகிறேன். அதற்கு முன்னால் இங்கேயே துணிக்கடைகள் நிறைந்த எம்.சி. ரோட்டில் ஒரு புடவைக் கடையில் விற்பனைக்கு நின்றவள். அதனால் துணி எப்படி நடந்துகொள்ளும், தையல் எங்கே பிடிக்கும், எங்கே விடும் என்பதைத் தைரியமாகச் சொல்வேன். எந்த நிறம் யாருக்கு எடுப்பு, எந்த டிசைன் ஒல்லியாகக் காட்டும் என்பதெல்லாம் என் ரசனை, அவ்வளவுதான். அதைச் சொல்லும் இடத்தில் ரசனை என்றே சொல்லிவிடுகிறேன். நகை, மேக்கப் பக்கம் நான் வரவில்லை.

கடைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் துணியை வாங்கிவிட்டுத்தான் வருகிறார்கள். எங்கே போகப்போகிறோம் என்பது அளவு எடுக்கும்போது பேச்சுவாக்கில் வரும். நீங்கள் அதைத் திருப்பிப் போடுங்கள். அன்றைக்குக் கையைத் தூக்குவீர்களா, தரையில் சம்மணம் போடுவீர்களா, எத்தனை படி ஏறுவீர்கள், யார் வண்டியில் பின்னால் உட்காருவீர்கள், வீட்டுக்கு வந்து சேர எத்தனை மணி ஆகும்? இதற்கெல்லாம் விடை தெரிந்தாலே பாதி உடைகள் தானாகக் கழிந்துவிடும். அப்புறம், பணத்தில் துணிக்கு ஒதுக்குவதைக் குறைத்துத் தையலுக்குக் கூட்டுங்கள். தோளில் வழிகிற ரவிக்கையோடு 20,000 ரூபாய்ப் பட்டு கட்டியவரைவிட, 900 ரூபாய்ப் புடவைக்கு அளவாகத் தைத்த ரவிக்கை போட்டவர்தான் எடுப்பாகத் தெரிவார். தையல்காரி இப்படித்தான் சொல்வாள் என்று நினைத்தாலும் பரவாயில்லை. உங்களிடம் நன்றாக உட்காரும் ரவிக்கை ஒன்றும் உட்காராத ஒன்றும் இருக்கும். ஒரே புடவையை இரண்டோடும் கட்டிக் கண்ணாடி முன்னால் நின்று பாருங்கள்.

இப்போது அம்மாவின் பட்டுக்கு வருகிறேன், ஏனென்றால் அதில்தான் திரும்பப் பெற முடியாத முடிவு இருக்கிறது. வெட்டலாமா என்றால், முதலில் அது வெட்டத் தாங்குமா என்று பாருங்கள். பட்டு பீரோவில் வருடக்கணக்கில் ஒரே மடிப்பில் இருந்தால், அந்த மடிப்புக் கோட்டில்தான் முதலில் இழை விட்டுப்போகும். பகல் வெளிச்சத்தில் ஜன்னல் பக்கம் பிடித்துப் பாருங்கள். மடிப்புகளில் மெல்லிய வெள்ளைக் கோடு மாதிரி வெளிச்சம் கசிந்தால் துணி அங்கே நொந்துவிட்டது. இரண்டு கைக்கட்டைவிரலாலும் மடிப்பின் இரு பக்கமும் பிடித்து மெதுவாக இழுங்கள், பலம் போட வேண்டாம். சின்னதாகச் 'சர்' என்று சத்தம் வந்தாலும் விட்டுவிடுங்கள். அந்தத் துணியை எந்தத் தையல்காரர் லெஹங்காவாகத் தைத்தாலும் நீங்கள் உட்கார்ந்து எழும்போது கிழியும். இதில் சந்தேகமே இல்லை.

துணி திடமாக இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். புடவையின் அகலம் சுமார் 46 முதல் 48 அங்குலம். உங்கள் உயரத்துக்கு இடுப்பிலிருந்து தரை வரை 38 அங்குலம் அளவில் இருக்கும். அப்படியென்றால் கீழ்க்கரையைத் தக்கவைத்து, மேல்கரைப் பக்கம் எட்டு, ஒன்பது அங்குலத்தை வெட்டித்தான் லெஹங்கா வரும். காஞ்சிபுரத்தில் கோர்வைப் புடவை என்றால், உடலையும் கரையையும் தனித்தனி நாடாவில், அதாவது தறியில் குறுக்கு நூலை ஓட்டும் கட்டையில் ஓட்டி, ஓரத்தில் இழைக்கு இழை கோத்து நெய்திருப்பார்கள். தறியில் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து உதவ வேண்டிய வேலை அது. அதில் ஒரு பக்கக் கரையை வெட்டி எறிவதற்கு எனக்கு மனசு வராது. சிலர் கலி வைத்துத் தைக்கிறோம் என்பார்கள். துணியை மேலே குறுகலாகவும் கீழே அகலமாகவும் துண்டு துண்டாக வெட்டி இணைப்பது அது. நேராக ஓடும் ஜரிகைக் கரை ஒவ்வொரு இணைப்பிலும் கோணலாக முட்டி நிற்கும், துணியும் நிறைய வீணாகும். பட்டுப்புடவைக்குக் கலி பொருந்தாது. மடிப்பு அல்லது சுருக்குத்தான்.

நான் சொல்லும் வழி வெட்டாமல் தைப்பது. மேல்பக்கம் மிஞ்சும் அந்த எட்டு அங்குலத்தை உள்ளே மடித்து, புடவை நீளம் முழுவதையும் சின்னச் சின்ன மடிப்பாக எடுத்து, பருத்திப் பட்டி ஒன்றில் கைத்தையலாகக் கோத்துவிடலாம். மெல்லிய ஊசி, பருத்தி நூல், பெரிய பெரிய ஓட்டுத் தையல். இதைக் கச்சாத் தையல் என்போம். மெஷின் ஊசி பழைய பட்டில் ஓட்டை விட்டுப்போகும், கை ஊசியின் தடம் பெரும்பாலும் மறைந்துவிடும். மேலே வேறொரு தாவணி போட்டால் பாவாடை தாவணியாகவே இருக்கும். விழா முடிந்ததும் நூலை உருவினால் அம்மாவின் புடவை அம்மாவுக்கே. இடுப்பில் புடவை நிற்கவில்லை என்ற உங்கள் பிரச்சினையும் இதில் தீர்கிறது, ஏனென்றால் பட்டியில் கொக்கி இருக்கும். ஒரே குறை, இடுப்பைச் சுற்றித் துணி தடிக்கும். பூசினாற்போல இருப்பவர்களுக்கு அது பிடிக்காமல் போகலாம். அப்படியானால் புடவையாகவே கட்டுங்கள்.

அந்தப் பட்டு அசல்தானா என்றும் கேட்டிருக்கிறீர்கள். முந்தானைக் குஞ்சத்திலிருந்து இரண்டு மூன்று இழை உருவி, சாமணத்தில் பிடித்து எரித்துப் பாருங்கள். பட்டு என்றால் முடி கருகும் வாடை வரும், சாம்பல் விரலில் பொடியும். பாலியஸ்டர் உருகிக் கறுப்பு முத்தாகக் கெட்டிப்படும். விஸ்கோஸ், பருத்தி இரண்டும் காகிதம் எரிகிற வாடை. ஆனால் குஞ்சத்தில் தொங்குவது நீளவாக்கில் ஓடும் பாவு நூல் மட்டும். குறுக்கே ஓடும் ஊடை வேறு நூலாக இருக்கலாம், அதனால் கரை ஓரத்திலிருந்து ஊடை இழை ஒன்றையும் தனியாக எடுத்துப் பாருங்கள். பட்டு வரைக்கும் இந்தச் சோதனையை நம்பலாம். ஜரிகையில் அப்படிச் சொல்ல முடியாது. அசல் ஜரிகை என்பது பட்டு நூலின் மேல் தட்டையான வெள்ளிக் கம்பியைச் சுற்றித் தங்க முலாம் கொடுத்தது. சுரண்டினால் உள்ளே சிவப்பு நூல் தெரிந்தால் அசல் என்று எல்லோரும் சொல்வார்கள். செம்புக் கம்பி சுற்றிய ஜரிகைக்கும் சிவப்பு நூல் போட ஒருவருக்கும் தடையில்லை, அதனால் அதை வைத்து முடிவு கட்டாதீர்கள். உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் கருவியில் வைத்துப் பார்க்க வேண்டும். தெருவில் 'பழைய பட்டுப்புடவை வாங்குறோம்' என்று வருகிறவரிடம் காட்டி விலை கேட்க வேண்டாம். அவர் பார்ப்பது வெள்ளியின் எடையை மட்டும்.

எனவே அலுவலக நாளுக்கு அம்மாவின் பட்டு, புது ரவிக்கை. துணிச் செலவே இல்லை. புடவையை உருளையில் விட்டுச் சுருக்கம் எடுக்கும் ரோல் பிரஸ் கொடுத்து, கீழ்க்கரையின் உள்பக்கம் தைத்திருக்கும் ஃபால்ஸ் பட்டை இற்றுப்போயிருந்தால் மாற்றுங்கள். பழைய ஃபால்ஸ் சுருங்கியிருந்தால் கொசுவம் கீழே சுருட்டிக்கொண்டு நிற்கும், எத்தனை முறை இழுத்துவிட்டாலும் சரியாகாது. ரவிக்கைத் துணியைப் புடவையின் உடல் நிறத்துக்குப் பொருத்தப் பார்க்காதீர்கள். பழைய சாயம் வெளுத்திருக்கும், புதுத் துணியோடு ஒட்டாது. கரை நிறத்திலோ முழுக்க வேறு நிறத்திலோ எடுங்கள். உங்கள் உடம்புவாகுக்கு, மார்புப் பகுதியைத் தனித்துண்டாக வெட்டித் தைக்கும் கட்டோரி அல்லது மேலிருந்து கீழ்வரை நீள இணைப்பாக இறங்கும் பிரின்சஸ் கட் நன்றாக உட்காரும். சாதாரணக் கிராஸ் கட்டும் சரிதான், தைப்பவர் கையைப் பொறுத்தது. உள்தையலில் பக்கத்துக்கு ஒரு அங்குலமாவது துணி விட்டுத் தைக்கச் சொல்லுங்கள். அடுத்த வருடம் பிரித்து விட்டுக்கொள்ளலாம். கொக்கி ஊசியால் எம்பிராய்டரி செய்யும் ஆரி வேலை போட ஆசை இருந்தால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். ஆரியைத் துணி வெட்டுவதற்கு முன்பே, அளவைக் குறித்துவிட்டுச் சட்டத்தில் கட்டிப் போடுவார்கள். அளவு தப்பினால் அப்புறம் கழுத்தையும் கையையும் திருத்த வழியில்லை. அளவு ரவிக்கை கொடுக்கும்போது ஏற்கெனவே உங்களுக்குக் கச்சிதமாக இருக்கும் ஒன்றைக் கொடுங்கள். 'இதைவிடக் கொஞ்சம் லூசா, கழுத்து மட்டும் கொஞ்சம் இறக்கி' என்று வாயால் திருத்தம் சொன்னால் மூன்று பேருக்கு மூன்று விதமாகக் காதில் விழும்.

புடவை இடுப்பில் நிற்காததற்குக் காரணம் பெரும்பாலும் உள்பாவாடைதான், உங்கள் இடுப்பைக் குறை சொல்லாதீர்கள். சாட்டின் உள்பாவாடையின் மேல் பட்டு வழுக்கும். பாப்ளின் பருத்தியில் அதே பட்டு பிடித்துக்கொள்ளும். நாடாவை இன்னும் இறுக்கினால் நிற்கும் என்று நினைத்து இறுக்குகிறோம். கயிறு மாதிரி மெல்லிய நாடா தினமும் ஒரே இடத்தில் அழுத்தினால் தோல் கறுத்துப் புண்ணாகிறது, அளவு எடுக்கும்போது நிறையப் பேரிடம் பார்க்கிறேன். இரண்டு அங்குல அகலப் பட்டி வைத்துத் தைத்த உள்பாவாடை இறுக்காமலேயே தாங்கும். இப்போது ஷேப்வேர் என்று மீன்வால் மாதிரி வரும் பின்னல் துணிப் பாவாடை கிடைக்கிறது. அதிலும் புடவை நன்றாகப் பிடிக்கும், உடம்போடு ஒட்டியும் நிற்கும். பக்கவாட்டில் திறப்பு இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இல்லாவிட்டால் மெட்ரோப் படியில் ஒரு கால் மேல் படிக்கு எட்டாது.

உங்களுக்கு ஒரு வசதி, தண்டையார்பேட்டையில் ஏறினால் கிண்டி வரை ஒரே ரயில், மாற வேண்டியதில்லை. ஆனால் காலை நெரிசல், எஸ்கலேட்டர், அதற்கு மேல் அக்டோபர் மழை. நம் பக்கத்துத் தெருக்களில் தண்ணீர் நின்றால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். பழைய பட்டில் மழை நீர் பட்டால் வட்டம் விழும், சாயமும் ஓடலாம். நனைத்த வெள்ளைப் பஞ்சை உள்மூலை ஒன்றில் ஒற்றிப் பாருங்கள், நிறம் ஏறினால் அது ஓடுகிற சாயம். அன்று சுடிதாரில் போய் அலுவலகத்தில் மாற்றிக்கொள்ளுங்கள். கொசுவமும் முந்தானையும் முன்பே மடித்து அயர்ன் செய்து பெட்டியில் போட்டுத் தருகிறார்கள், ப்ரீ-ப்ளீட்டிங் என்று கேளுங்கள். கட்டுவதற்குப் பத்து நிமிடம் போதும். எந்தச் செருப்பைப் போடப்போகிறீர்களோ அதைப் போட்டுக்கொண்டுதான் கட்ட வேண்டும். செருப்பை அப்புறம் மாற்றினால் உயரம் மாறி, கரை தரையைக் கூட்டும்.

தாண்டியாவுக்கு வருகிறேன். இதற்குக் குஜராத்திகளின் சணியா சோளிதான், வேறு யோசிக்க வேண்டாம். ஊரெல்லாம் ஓடும் ஜார்ஜெட் லெஹங்காவை இதற்கு எடுத்துப்போகாதீர்கள். சணியா என்பது ஆடுவதற்கென்றே வந்த பாவாடை. பருத்தி, கண்ணாடிப் பதிப்பு, நிறைய வீச்சு. வீச்சை மீட்டரில் சொல்வார்கள், கடையில் 'கேர் எத்தனை மீட்டர்' என்று கேட்டால் புரிந்துகொள்வார்கள். மூன்று, நான்கு மீட்டர் போதும். எட்டு, பத்து என்று ஏற்றிவிட்டால் சுற்றும்போது அழகுதான், ஒரு மணி நேரத்தில் இடுப்பு கழன்றுவிடும். உள்ளே கேன்கேன் என்னும் விறைப்பான வலை வைத்தது வேண்டவே வேண்டாம். வியர்வையில் காலைக் கிழிக்கும், பக்கத்தில் ஆடுபவரின் கோல் சிக்கும்.

நீளம் கணுக்கால் தெரியும் அளவுக்கு, தரையிலிருந்து இரண்டு அங்குலம் மேலே இருக்கட்டும். ரெடிமேடாக வாங்கினால் 40, 42 அங்குல நீளத்தில்தான் பெரும்பாலும் இருக்கும், உங்களுக்குக் குறைக்க வேண்டிவரும். கீழே வெட்டினால் கரை வேலைப்பாடு போய்விடும். மேலே இடுப்புப் பட்டியைப் பிரித்து அங்கே குறைக்கச் சொல்லுங்கள். கலி பாவாடையில் மேலே வெட்டினால் இடுப்புச் சுற்றளவு கூடும், அதைச் சுருக்கில் அடக்கலாம். வேலை கொஞ்சம் அதிகம், கூலியும் கூடும், ஆனால் சரியான முறை அதுதான். நாடா மட்டும் இருந்தால் கூடவே ஒரு கொக்கியும் வைத்துவிடுங்கள். ஆட்டத்தின் நடுவில் நாடா அவிழ்ந்தால் தோழிக்கும் உங்களுக்கும் ஆயுசுக்கும் மறக்காது.

சோளியில் பார்க்க வேண்டியது அக்குள். கை தூக்கி ஆட வேண்டும், அதனால் அக்குளை நன்றாக இறக்கி லூசாக வைக்கச் சொல்லலாம் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். அது தலைகீழ். அக்குள் கீழே இறங்க இறங்க, கையைத் தூக்கும்போது சோளி முழுவதும் மேலே ஏறும். அக்குள் உடம்பை ஒட்டி உயரத்தில் இருந்தால் கை மட்டும் போகும், சோளி நின்ற இடத்தில் நிற்கும். போட்டுப் பார்க்கும்போது கண்ணாடி முன்னால் கையை நேராகத் தூக்கி, இரண்டு பக்கமும் ஆட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். தாவணியைத் தோளில் ஒரு ஊக்கு, இடுப்பில் ஒரு ஊக்கு என்று அடக்குங்கள். சௌகார்பேட்டையிலிருந்து இரவு யாராவது வண்டியில் கொண்டுவந்து விடுவார்கள் என்றால் இன்னும் கவனம். பின்சக்கரத்தில் பாதியையாவது மூடும் காப்பு இருக்க வேண்டும் என்று மோட்டார் வாகன விதியே சொல்கிறது, இருந்தும் கழற்றிவிட்டு ஓட்டுகிறவர்கள் உண்டு. அப்படிப்பட்ட வண்டியில் சணியாவோடு ஏறாதீர்கள், ஆட்டோ பிடியுங்கள்.

இதை வாங்கத்தான் வேண்டுமா என்றும் யோசியுங்கள். வருடத்தில் ஓரிரண்டு இரவு போடும் உடை. தோழி வீட்டில் அக்கா, அண்ணி யாரிடமாவது ஒன்று இருக்கும், கூச்சப்படாமல் கேளுங்கள். சோளி மட்டும் உங்கள் அளவுக்குத் தைத்துக்கொண்டால் போதும்.

கிறிஸ்துமஸ் விருந்துக்கு அனார்கலி, அதாவது கீழே குடை மாதிரி விரியும் நீளச் சுடிதார் டாப், நல்ல யோசனை. காட்டன் சில்க்கில், உள்ளே பருத்தி லைனிங் வைத்து. டிசம்பர்தானே என்று வெல்வெட் எடுக்காதீர்கள். சென்னையில் அந்த மாத இரவிலும் வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே போவது அபூர்வம், கூட்டம் நிறைந்த வீட்டுக்குள் வெந்துவிடுவீர்கள். மார்புக்குச் சற்றுக் கீழே இணைப்பு வரும் மாதிரி தைத்தால் வயிற்றுப் பகுதியில் துணி பிடிக்காமல் விழும், இது உறுதி. முழு நீளமா, கெண்டைக்கால் வரையா என்பது ரசனை. உங்கள் உயரத்துக்குக் கெண்டைக்காலின் நடுவில் முடிவதை நான் விரும்ப மாட்டேன். ஆன்லைனில் வாங்குவதென்றால் எம், எல் என்ற எழுத்தை நம்பாதீர்கள், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். உங்களிடம் இருக்கும் நல்ல சுடிதாரைத் தரையில் விரித்து அளந்து, அந்த அளவை அவர்கள் கொடுத்திருக்கும் உடை அளவோடு ஒப்பிடுங்கள். உடம்பு அளவைவிட மார்புச் சுற்றில் மூன்று, நான்கு அங்குலம் கூடுதலாக இருந்தால் மூச்சுவிட வசதி. இதே உடையைத் தீபாவளிக்கும் போடும் எண்ணம் இருந்தால், பட்டாசுப் பக்கம் போகும்போது மட்டும் மாற்றிவிடுங்கள். நம் ஊரில் காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்று வைத்திருக்கும் அந்த இரண்டு மணி நேரத்துக்கு ஒரு பழைய பருத்திச் சுடிதார் போதும். பருத்தியும் தீப்பிடிக்கும், ஆனால் பாலியஸ்டர் ஜார்ஜெட் மாதிரி உருகித் தோலில் ஒட்டாது. தொங்கும் துப்பட்டா எந்தத் துணியானாலும் வேண்டாம்.

மாநிறத்துக்கு என்ன நிறம் என்று கேட்டதற்கு நான் சட்டம் எதுவும் சொல்லப்போவதில்லை. அரக்கு, மாம்பழ மஞ்சள், மயில்கழுத்து, ராமர் பச்சை, எம்.எஸ். நீலம் எல்லாமே நம் ஊர்த் தோலைப் பார்த்துப் பார்த்து வந்த நிறங்கள்தான், எனக்குப் பிடித்தது அரக்கு. நிறம் விஷயத்தில் உறுதியாகச் சொல்ல முடிந்தது வெளிச்சம் பற்றி மட்டும். கடையின் வெள்ளை எல்.இ.டி.யில் பார்த்தது மண்டபத்து மஞ்சள் விளக்கில் வேறாக இருக்கும். மயில்கழுத்து மாதிரி பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம் என்று நெய்ததில் இது இன்னும் அதிகம், போட்டோவிலும் மாறிவிடும். கடை வாசலுக்கு எடுத்துவந்து பகல் வெளிச்சத்தில் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். எம்.சி. ரோட்டில் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

தி.நகர் போகலாமா என்றால், போக ஆசை இருந்தால் போங்கள், அவசியத்துக்காகப் போக வேண்டாம். துணி விஷயத்தில் நம் பக்கம் ஒன்றும் குறைந்ததில்லை. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏற்றுமதித் துணியை வெளுத்துக் கொடுத்தது வண்ணாரப்பேட்டை. காலடிப்பேட்டை, 1717 முதல் 1720 வரை மதராஸ் ஆளுநராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களுக்காக ஏற்படுத்திய ஊர். இன்றைக்கும் ரெடிமேட், சுடிதார்த் துணி, தினசரிப் புடவைக்கு எம்.சி. ரோடு. லைனிங், வெட்டுத்துணிக்குப் பாரிமுனை கோடவுன் தெரு. சணியா சோளி, முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றிய பாந்தினித் துப்பட்டாவுக்குச் சௌகார்பேட்டை, மின்ட் தெருப் பக்கம். தோழியைக் கூட்டிக்கொண்டு போனால் விலை பேசுவது சுலபம். புதுப் பட்டு வாங்குவதென்றால் மட்டும் சீட்டுகளைப் படியுங்கள். சில்க் மார்க் முத்திரை பட்டு அசல் என்பதற்கு மட்டும் பொறுப்பு. ஜரிகைக்கோ, கைத்தறி என்பதற்கோ அது சாட்சி இல்லை. கைத்தறிக்குத் தனி முத்திரை உண்டு. 'செமி சில்க்', 'ஆர்ட் சில்க்' என்று எழுதியிருந்தால் சுத்தப் பட்டு இல்லை என்று அர்த்தம், அதை மறைக்காமல் விற்றால் அதில் தப்பும் இல்லை. 1,500 ரூபாய்க்குள் நல்ல செமி சில்க் கட்டிக்கொண்டு ஜம்மென்று போகலாம்.

பணத்தை நான் பிரித்தால் இப்படிப் பிரிப்பேன்: அலுவலக நாளுக்கு ரவிக்கை, ஃபால்ஸ், ரோல் பிரஸ் சேர்த்து 2,500. தாண்டியாவுக்குப் பாவாடை கடன் கிடைத்தால் சோளிக்கு 1,500, இல்லையென்றால் எல்லாம் சேர்த்து 3,500. அனார்கலிக்குத் துணியும் தையலுமாக 3,500. மிஞ்சுவது உள்பாவாடைக்கும் செருப்புக்கும். கடைக்குக் கடை கூலி மாறும், அதனால் இதை ஒரு அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள், விலைப் பட்டியலாக எடுக்காதீர்கள். எதுவானாலும் தையலுக்கு இப்போதே கொடுங்கள். தீபாவளிக்கு இரண்டு, மூன்று வாரம் முன்னாலேயே எங்கள் பக்கத்துக் கடைகளில் ஆர்டர் எடுப்பதை நிறுத்திவிடுவோம். அதற்கப்புறம் வாங்குகிறவர்கள் அவசரத்தில் தைப்பார்கள், திருத்தம் செய்ய நேரம் இருக்காது. விழாவுக்குப் பத்து நாள் முன்பாவது கையில் வாங்கி, அன்று போடப்போகும் உள்ளாடையோடு போட்டுப் பாருங்கள். உள்ளாடை மாறினால் ரவிக்கையின் கப் வேறு இடத்தில் உட்காரும்.

அலுவலக விழா முடிந்து வந்ததும் அம்மாவின் பட்டைச் சுருட்டிக் கட்டிலில் போட்டுவிடாதீர்கள். கச்சாத் தையல் போட்டிருந்தால் அன்றிரவே நூலை உருவிவிடுங்கள், பட்டியின் எடையில் தொங்கவிட்டால் இழை இழுபடும். வெயில் படாத இடத்தில் மின்விசிறிக் காற்றில் சில மணி நேரம் ஆறவிடுங்கள். சென்ட் அடிப்பதென்றால் புடவை கட்டுவதற்கு முன்பே அடித்துவிடுங்கள், ஜரிகையில் பட்டால் கறுக்கும். நாப்தலின் உருண்டையும் ஜரிகையைத் தொடக்கூடாது. பிளாஸ்டிக் கவர் வேண்டாம், நம் பக்கத்துக் கடல்காற்றின் ஈரம் உள்ளேயே நின்றுவிடும். அப்பாவின் பழைய பருத்தி வேட்டி இருந்தால் அதில் சுற்றி வையுங்கள். இரண்டு, மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடுத்து, போன தடவை மடித்த கோட்டில் விழாமல் மாற்றி மடித்து வைக்க வேண்டும்.